கலிபோர்னியாவில் பார்த்த செடி கரிசலில் வருமா?

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சென்ற ஆண்டு கோடையில் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்திருக்கிறார். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு செடி. நீள நீளமான கதிர்களில் ஊதாப் பூ, தேன் வாசனை, எப்போது பார்த்தாலும் நாலைந்து வண்ணத்துப்பூச்சிகள். 'பட்டர்ஃபிளை புஷ்' என்று மகள் சொன்னாராம். "அங்கேயும் நம் ஊர் மாதிரிதான் வெயில். கோடையில் ஒரு பொட்டு மழை கிடையாது. அங்கே வருகிற செடி இங்கே வராதா?" என்று கேட்கிறார். டிசம்பரில் மகள் வரும்போது விதையோ குச்சியோ கொண்டுவரச் சொல்லலாமா, அல்லது ஆன்லைனில் 'ஐந்து நிறக் கலவை' என்று விற்கும் விதைப் பொட்டலத்தை வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி.

வீட்டின் பின்பக்கம் மூன்று சென்ட் காலி இடம். கரிசல் மண். காலை முதல் சாயங்காலம் வரை வெயில். போர் தண்ணீரில் உப்பு. கறிவேப்பிலை இரண்டு, எலுமிச்சை ஒன்று, முருங்கை ஒன்று. வேலியோரம் தானாக முளைத்த எருக்கு. எருக்கு வீட்டுக்கு ஆகாது, பிடுங்கிப் போடு என்கிறார் மாமியார். கறிவேப்பிலையைப் புழு மொட்டையடிக்கிறது என்று கணவர் பத்து நாளைக்கு ஒருமுறை மருந்தடிக்கிறார். முருங்கைப் புழு பட்டுப் பேரனுக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனதிலிருந்து மருமகளுக்குப் புழு என்றாலே நடுக்கம். அந்த நாலு வயதுப் பேரனோ, வண்ணத்துப்பூச்சி வளர்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறான்.

அன்புள்ள டீச்சர்,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் செடியைக் கொண்டுவர வேண்டாம். வண்ணத்துப்பூச்சித் தோட்டம் வேண்டுமானால் அதில் பாதி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் ஒருவர் மருந்தடித்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் பிடுங்கச் சொல்கிறார். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

வெயில் ஒன்றுதான், இரவு வேறு

நீங்கள் சாக்ரமெண்டோவில் பார்த்தது பட்லியா என்ற செடி. பிறந்த இடம் நடுச் சீனாவின் மலைப்பகுதிகள். ஆற்றங்கரைச் சரளை, பாறை இடுக்கு மாதிரி தண்ணீர் நிற்காத இடங்களில் வளர்ந்து பழகியது. வெயிலையும் வறட்சியையும் தாங்கும் என்று நீங்கள் கவனித்தது சரியே. ஆனால் பகலை மட்டும் பார்த்துவிட்டீர்கள். சாக்ரமெண்டோவில் ஜூலை மாதப் பகல் 40 டிகிரியைத் தொட்டாலும், சாயங்காலம் கடல் பக்கமிருந்து காற்று வந்து இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். குளிர்காலத்தில் 4, 5 டிகிரி. அந்தக் குளிரில் செடி ஓய்வெடுக்கும். குளிர் முடியும் நேரத்தில் தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி விட்டு ஒட்ட வெட்டினால் புதுக்கிளை விட்டு, அந்தப் புதுக்கிளையில்தான் பூக்கும்.

உங்கள் ஊரில் மே மாத நள்ளிரவில் 25 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். ஓய்வே கிடைக்காத பட்லியா வெறும் இலையும் தண்டுமாக நிற்கும். வறண்ட சூட்டில் செம்பேன் வேறு தேடிவரும். போதாததற்குக் கரிசல். ஐப்பசி மழையில் நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை அழுகவைக்கும், பங்குனியில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்து மிச்ச வேரை அறுக்கும். மேடை கட்டி, சரளையும் செம்மண்ணும் கொட்டி, நல்ல தண்ணீர் ஊற்றி ஒரு செடியைப் பிழைக்க வைக்கலாம்தான். அத்தனை பாடுபட்டு வருகிற பூ, நீங்கள் அங்கே பார்த்த பூவாக இருக்காது.

விதை கொண்டுவருவது பற்றி

வெளிநாட்டிலிருந்து விதைப்பதற்கான விதையையோ நடுவதற்கான குச்சியையோ சும்மா பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இங்கே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும், அந்த நாட்டு அதிகாரிகள் தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இரண்டும் இல்லாமல் வந்தால் விமான நிலையத்தில் எடுத்து அழித்துவிடலாம். "ஒரு சின்ன குச்சிதானே, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் யாருக்குத் தெரியும்" என்று மகள் சொல்லக்கூடும். குச்சியோடு வரும் பூச்சிமுட்டையும் பூஞ்சணமும் நம் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் இந்தச் சட்டம்.

இன்னொன்று. பட்லியாவின் ஒரு கதிரில் மட்டும் தூசி மாதிரி பல்லாயிரம் விதைகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த லண்டன் கட்டடங்களில் அது தானாக முளைத்துப் பரவியது. இன்றும் பிரிட்டனின் ரயில் பாதை ஓரமெல்லாம் அதுதான். கலிபோர்னியாவுக்கு வடக்கே இருக்கும் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் அதைத் தீங்கான களைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. விறகுக்காக வந்த சீமைக்கருவேலம் உங்கள் மாவட்டத்தை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சூட்டில் பட்லியா பரவாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கொடைக்கானல் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் யாராவது நாலு விதை கேட்டால் கொடுத்துவிடுவீர்கள். அந்தக் குளிர் அதற்கு ஒத்துவரும்.

ஆன்லைன் பொட்டலத்தையும் விட்டுவிடுங்கள். கலப்பின பட்லியாவின் விதை தாய்ச்செடியின் நிறத்திலேயே பூக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்படியிருக்க, பொட்டலத்தின் மேலே அச்சடித்த ஐந்து நிறத்துக்கு என்ன உத்தரவாதம்? நர்சரிக்குப் போய் 'பட்டர்ஃபிளை புஷ்' என்று கேட்டால் வேறொரு செடியைத் தரவும் வாய்ப்புண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நீலப் பூச்செடி அது. பூ வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். அழகானதுதான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல.

தேன் ஒரு செடியில், தீனி இன்னொரு செடியில்

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் முக்கியமான எண்ணம் இதுதான்: நிறையப் பூ இருந்தால் நிறைய வண்ணத்துப்பூச்சி வரும் என்பது. வரும், தேனைக் குடிக்கும், போய்விடும். முட்டையிட்டுக் குடும்பம் நடத்த அதற்கு வேண்டியது பூ இல்லை, இலை. அதுவும் ஏதோ ஓர் இலை போதாது. ஒவ்வொரு வகையின் புழுவும் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்னும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி எருக்கைத் தேடி வரும். கறிவேப்பிலை அழகி, பெயருக்கேற்றபடி, கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் வரும். கறுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கும். பட்லியாவின் இலையை நம் ஊர் வகைகள் சீந்தாது. அமெரிக்காவிலேயே வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்கள் அதன்மேல் வைக்கும் குறை இதுதான்: தேன் உண்டு, குஞ்சுக்குத் தீனி இல்லை.

ஆகவே வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்றால் இலைகள் கடிபட்டு, ஓட்டை விழுந்து, சில கிளைகள் மொட்டையாகத்தான் இருக்கும். இதை வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு தொடங்குங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பூச்செடி மட்டும் வைத்துக்கொண்டு, வந்து போகிறதைப் பார்த்து ரசிப்பதிலும் தப்பில்லை.

மகளுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். பட்லியாவின் காய்ந்த கதிர்களை விதை கட்டுவதற்கு முன் வெட்டிவிடட்டும். பக்கத்தில் அந்த ஊரின் சொந்த மில்க்வீட் செடி ஒன்றை வைக்கட்டும். அது நம் எருக்கின் குடும்பம். அதைத் தின்று வளரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சி, நம் வெந்தய வரியனின் நெருங்கிய சொந்தம். பேரன் இங்கே பார்ப்பதற்கும் அவர்கள் அங்கே பார்ப்பதற்கும் ஒரு ஜோடி கிடைத்துவிடும். மொனார்க் புழுவின் முதுகில் கறுப்பு இழைகள் இரண்டு ஜோடி, வெந்தய வரியன் புழுவில் மூன்று ஜோடி. வீடியோ அழைப்பில் எண்ணச் சொல்லுங்கள்.

எருக்கு: மாமியார் சொல்வதில் எது சரி

எருக்கு ஆகாது என்ற நம்பிக்கையோடு நான் வாதாடப் போவதில்லை. பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை போடுவதும், ரத சப்தமிக்கு எருக்கிலை வைத்துக் குளிப்பதும் பெரியவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நாலு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் வேறு காரணத்துக்காக அவர் பேச்சைக் கேட்கவேண்டியிருக்கிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். முதலில் வலியே தெரியாமல் இருக்கலாம், அதனால் பேசாமல் இருந்துவிடுவார்கள். பட்டால் உடனே சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவி, நேரே கண் மருத்துவரிடம் போகவேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக்கூடாது.

என் யோசனை இது. செடி வேலிக்கு வெளியே இருந்தால் அப்படியே இருக்கட்டும். உள்ளே இருந்தால், பேரன் கை எட்டாதபடி வலையடிக்க முடியுமா பாருங்கள். முடியாது என்றால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். கரிசல் காட்டில் எருக்குக்கா பஞ்சம்? சுற்றுவட்டாரத்தில் பத்து எருக்கு இருக்கும். அங்கே வளர்ந்த வெந்தய வரியன் உங்கள் வீட்டுப் பூவுக்குத் தேன் குடிக்க வரத்தான் போகிறது. ஆமணக்குக்கும் அரளிக்கும் இதே எச்சரிக்கைதான். இரண்டிலும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் வளரும், ஆனால் ஆமணக்கு விதையும் அரளியின் எல்லாப் பாகங்களும் கடும் விஷம். குழந்தை வளரும்வரை வேண்டாம்.

கறிவேப்பிலைக்கு அடிக்கிற மருந்து

கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி இதுதான். வண்ணத்துப்பூச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. பூச்சிமருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கவேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் பயிருக்கும் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. நீங்களோ தினமும் தாளிக்க நாலு இணுக்கு ஒடிக்கிறீர்கள். பத்து நாளைக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே தினமும் பறித்தால் எந்தக் காத்திருப்பைக் கடைப்பிடிக்க முடியும்? அதே கறிவேப்பிலையைப் பச்சையாகத் துவையலும் அரைக்கிறீர்கள். கடைக்காரர் பருத்திக்கான மருந்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். சார் கோபித்துக்கொள்ளாமல் இன்றோடு நிறுத்திவிடுவது நல்லது. வேப்பெண்ணெய்க் கரைசல் பரவாயில்லையா என்று கேட்பார். சமையலுக்கு அது எவ்வளவோ மேல், ஆனால் புழுவை அதுவும் கொல்லும்.

இரண்டு கறிவேப்பிலை இருக்கிறதல்லவா? ஒன்றை அடுப்படிக்கு, ஒன்றைப் புழுவுக்கு என்று பிரித்துவிடுங்கள். அடுப்படிச் செடியில் காலையில் ஒரு பார்வை பார்த்து, இருக்கிற புழுவை இலையோடு எடுத்து மற்றதில் விடுங்கள். இளம் புழு, இலைமேல் விழுந்த குருவி எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கிடக்கும். எச்சம் என்று நினைத்துத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். வளர்ந்தபின் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டை நீட்டி ஒரு புளித்த நாற்றம் விடும். பயமுறுத்தல்தான், கொட்டாது. வேர் பிடித்த மரம் ஒரு தடவை மொட்டையானாலும் தண்ணீர் ஊற்றினால் மறுபடி துளிர்த்துவிடும். முழங்கால் உயரக் கன்றுக்கு மட்டும் பழைய கொசுவலையைப் போர்த்துங்கள்.

மருமகளிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். பேரனுக்குத் தடித்தது முருங்கைக் கம்பளிப்பூச்சியின் மயிரால். அது கூட்டமாகத் தண்டில் அப்பிக்கிடக்கும், வளர்ந்தால் அந்துப்பூச்சியாகும், வண்ணத்துப்பூச்சி இல்லை. கறிவேப்பிலை, எலுமிச்சைப் புழுக்கள் வழுவழுப்பானவை. வீட்டுக்கு ஒரே விதி போதும்: மயிருள்ள எதையும் தொடக்கூடாது. முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் தயவுதாட்சணியம் வேண்டாம், நீளக் கம்பில் துணிப்பந்தம் கட்டிப் பொசுக்கிவிடுங்கள், வழக்கமாகச் செய்வதுதானே.

அந்த ஊதாப் பூவுக்குப் பதில் என்ன

நொச்சி. ஆமாம், ஆவி பிடிக்கிற அதே நொச்சிதான். ஊதாவும் நீலமும் கலந்த கதிர்ப் பூ, முழு வெயில், வறட்சி எல்லாம் அதற்குப் பழகியவை. ஆடு கடிக்காது. ஒட்ட வெட்டினால் புதுக்கிளை விட்டுப் பூக்கும் குணம் வரைக்கும் பட்லியாவை ஒத்திருக்கும். நொச்சியின் மேனாட்டு உறவுச் செடி ஒன்றைத்தான் அமெரிக்காவில் பட்லியாவுக்கு மாற்றாகச் சிபாரிசு செய்கிறார்கள். பட்லியா அளவுக்குக் கூட்டம் சேர்க்கும் என்று சொல்லமாட்டேன். தேனீக்கள் முந்திக்கொள்ளும். ஆனால் செடி சாகாது, காசும் கிடையாது. ஓடைக்கரையில் பென்சில் பருமனில் நாலு குச்சி வெட்டிவந்து நட்டால் போதும்.

பக்கத்தில் ஆவாரை ரெண்டு வையுங்கள். வெள்ளையும் மஞ்சளுமான பூச்சிகள் அதில் முட்டையிடும். தேனுக்கு நித்தியகல்யாணியும் கேந்தியும் தாங்கும். இட்லிப்பூவில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். மொய்க்கும்தான், ஆனால் கரிசலிலும் உப்புத் தண்ணீரிலும் அதன் இலை மஞ்சளாகிச் சோர்ந்துவிடும், வைத்தால் செம்மண் போட்ட தொட்டியில் வையுங்கள். ஆட்களை விட்டுச் செதுக்கும்போது தரையோடு படர்கிற வெட்டுக்காயப் பூண்டை ஒரு மூலையில் விட்டுவையுங்கள். சின்ன வகைகளுக்கு அதைவிட நல்ல தேன்செடி கிடையாது. புஞ்சைக் காட்டில் கிலுகிலுப்பைச் செடி பார்த்தால் விதை எடுத்துப் போடுங்கள். வெந்தய வரியன் ஆண்கள் அதன் வாடிய இலையையும் காயையும் சுரண்டி ஒருவிதச் சாறு உறிஞ்சும், பெண்ணைக் கவரும் வாசனைக்கு அது தேவை. அதன் விதையும் தின்னத்தக்கதல்ல, கிலுகிலுவென்று ஆட்டி விளையாடப் பேரன் கையில் கொடுத்துவிடாதீர்கள். உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். பூச்சி நன்றாக வரும், ஆனால் காட்டை அழிக்கிற செடி அது.

நடுவதற்கு ஆவணி, புரட்டாசி சரியான காலம். வடகிழக்கு மழை வருவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும், மழைத் தண்ணீரில் உப்பும் கழுவிப்போகும். தரையிலிருந்து ஓரடி மேடாக்கி நடுங்கள். முதல் கோடைக்கு மட்டும் வேர்ப்பகுதியில் சருகு மூடாக்குப் போட்டு, பழைய மழைநீரோ அரிசி கழுவிய தண்ணீரோ முடிந்தவரை கலந்து ஊற்றுங்கள். "மே மாதம் ஒரு பூச்சியைக்கூடக் காணோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வறண்ட சமவெளியில் கோடையில் அப்படித்தான். மழை பெய்து துளிர் வந்தபின் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பாருங்கள், மகள் வருகிற நேரமும் அதுதானே. தமிழ் மறவன் வருமா என்று பேரன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 2019இல் அதை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள், ஆனால் அது மேற்கு மலைக்காட்டு வாசி. விடுமுறையில் மலைப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டவேண்டியதுதான்.

பேரன் புழு வளர்க்க

வாய் அகலமான டப்பா ஒன்றை எடுத்து, மூடிக்குப் பதில் வலைத்துணி கட்டுங்கள். அடியில் காகிதம், சாய்வாக ஒரு காய்ந்த குச்சி. ஒன்றிரண்டு கறிவேப்பிலைப் புழுவுக்கு மேல் வேண்டாம். தினமும் காலையில் காகிதத்தை மாற்றிப் புது இலை வைக்கவேண்டும். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அந்தச் செடியின் இலைதான், கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள், மருந்து இருந்தால் ஒரே நாளில் செத்துவிடும். தின்பதை நிறுத்திவிட்டு டப்பாவைச் சுற்றி அலைய ஆரம்பித்தால் கூட்டுப்புழு ஆகப்போகிறது என்று அர்த்தம். குச்சியில் மெல்லிய நூலை இடுப்பில் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும், அப்புறம் அசைக்கக்கூடாது. சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் ஈயோ குளவியோ வரும். புழுவாக இருந்தபோதே அவை உள்ளே முட்டையிட்டிருக்கும். பேரன் அழுதால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நல்லபடியாக வெளிவந்தால், இறக்கை விரிந்து காய ஓரிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை இறக்கையைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் டப்பாவை நொச்சிப் பக்கம் கொண்டுபோய் வைத்துத் துணியை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.